‘வாரேன்’ என்று சொல்லிப் போனை வைத்தார்

எண்பதுகளின் தொடக்கம். நானும் என் கணவரும் ஷார்ஜாவில் குடியிருந்தோம். அவர் அங்கே ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் பைலட். பைலட் என்றதும் கூலிங்கிளாஸ், தள்ளிக்கொண்டு போகிற பெட்டி, பக்கத்தில் நாலு ஏர் ஹோஸ்டஸ் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஓட்டிய விமானத்தில் ஜன்னல் கிடையாது, சீட் கிடையாது, ஆளும் கிடையாது. டயர் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், மாம்பழக் கூடை இருக்கும். பக்ரீத் நெருங்கினால் ஆடு இருக்கும். ஆட்டு லோடு அடித்துவிட்டு வந்தார் என்றால் மேச்சேரி ஆட்டுச் சந்தையே படியேறி வந்த மாதிரி இருக்கும். சட்டையை வாசலிலேயே வாங்கி வாளியில் முக்கிவிடுவேன்.

எங்கள் ஊர் சேலத்துக்குத் தெற்கே, புதுச்சத்திரத்துக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு லாரி நிற்கும், இல்லாவிட்டால் லாரி ஓட்டுகிற ஒரு ஆளாவது இருப்பார். அதனால் இவருடைய வேலையை ஊருக்கு விளக்கிச் சொல்ல நாங்கள் கஷ்டப்பட்டதே இல்லை. "அப்ப நம்ம லோடு வண்டியாட்டந்தானுங்க மாப்ள. அது ரோட்டுல போவுது, இது மேல போவுது" என்று முதல் நாளே முடித்துவிட்டார்கள். லீவில் போனால் கேட்கிற முதல் கேள்வி, "ரிட்டர்ன் லோடு கெடைக்குதுங்ளா?" இவரும் சளைக்காமல், "சில நேரம் கெடைக்குமுங்க, சில நேரம் காலி வண்டியாத்தான் வரோணும்" என்று பதில் சொல்வார். உண்மையும் அதுதான்.

என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரு லாரிக்காரரின் மனைவி. மாமனார் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வண்டி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் போய்ச் சேரும்வரை பாதி வாழ்க்கையை ரோட்டிலேயே கழித்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பெண்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, கிளம்புகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. அவர் "வாரேன்" என்பார், இவள் "செரிங்க" என்பாள், அதோடு சரி. போன இடத்தில் ரிட்டர்ன் லோடு எப்போது கிடைக்குமோ, அவருக்கே தெரியாது. ஒரு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். ஆனால் வாரேன் என்று சொன்னவர் வந்துவிடுவார்.

இரண்டாவது சட்டம், வண்டியில் இருக்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்லி அனுப்பக் கூடாது. பக்கத்து ஊர் டிரைவர் ஒருவருக்குக் குழந்தைக்கு முடியவில்லை என்று வழியில் யாரோ சொல்லிவிட, அவர் பதறி அடித்து ஓட்டி, பாலத்தில் மோதிப் போய்விட்டாராம். குழந்தை பிழைத்துக்கொண்டதாம். அத்தை இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். ரோட்டில் ஓட்டுகிறவருக்கே அப்படி என்றால், ஆகாயத்தில் ஓட்டுகிறவருக்கு? ஷார்ஜாவில் எங்கள் காதுக்கு ஊரிலிருந்து ஒரு கெட்ட செய்தியும் வராது. சித்தப்பா ஒருவர் இறந்ததே அடுத்த லீவில் போனபோதுதான் தெரிந்தது.

அங்கே என் வாழ்க்கையும் அத்தை வாழ்ந்த வாழ்க்கைதான், என்ன, மூன்றாவது மாடியில் வாழ்ந்தேன். இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று "வாரேன்" என்பார். "சரிங்க" என்பேன். கதவைச் சாத்தியதும் ஏசி சத்தம் மட்டும் இருக்கும். நைரோபி என்று போனவர் அங்கிருந்து எங்கே திருப்பி விடப்படுவார் என்று தெரியாது. பாஷை தெரியாத ஊரில், ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்துக்கொண்டு, நானே என்னோடு பேசிக்கொண்டு கிடந்தேன். எனக்கென்று அங்கே இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை அவர் சொல்லிவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வரும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கம். நேரில் மட்டும் இல்லை, போனிலும் "வாரேன்" என்று சொல்லித்தான் முடிப்போம். "வைக்கிறேன்" என்று சொல்ல வாய் கூசும். ஏதோ உறவையே முறித்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஒரு பங்குனி மாதம். அத்தைக்கு வயிற்று வலி என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். இவர் உடனே ஊருக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டில் போன் ஏது? மெயின் ரோட்டில் ஒரு கோழித் தீவனக் கடை, அதன் நம்பர்தான் எங்களுக்குப் பி.பி. நம்பர். கடைக்காரர் ஆளனுப்பிக் கூட்டிவர, சாயங்காலம் மறுபடி கூப்பிட்டோம். முதலில் என் நாத்தனார் பேசினார். இவருக்கு அக்கா, அதே ஊரில் கட்டிக் கொடுத்தது. "சும்மா வவுத்து நோவு தம்பி. சேலத்துல டாக்டர்கிட்டக் காட்டியிருக்குது. நீ உன்ற வேலையப் பாரு" என்றாராம். இரண்டாவது சட்டம்! அப்புறம் அத்தை வாங்கினார்.

அந்தக் காலத்துப் போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பேசியது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு விடும் நேரம் ஆகும். அங்கே பேசியது இங்கே வர இன்னொரு மூச்சு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் ஒன்று விழுங்கப்பட்டுவிடும். இவர் கத்திக் கத்திப் பேசினார். டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள், மாத்திரையை விடாதீர்கள், ஆடிப்பெருக்குக்கு லீவு கேட்டிருக்கிறேன். இதில் எது போய்ச் சேர்ந்ததோ. நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். நேரம் முடியப் போகிறது என்று தெரிந்ததும், "செரிங்கம்மா, வாரேனுங்க" என்றார். லைன் அறுந்தது.

"குரல் தெம்பாத்தான் இருக்குது" என்று என்னிடம் சொன்னார். நான் குழம்பைத் தாளித்தேன். மறுநாள் காலையில் டயர் லோடோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் தங்கியதே குறைவு. சித்திரையில் சூடானில் என்ஜின் கோளாறாகி விமானம் நின்றுவிட்டது. ஸ்பேர் வந்து சேர வேண்டும், அதுவரை இவரும் அங்கேயே. எனக்குப் பொழுது போகாமல், மனசும் கேட்காமல், தீவனக் கடைக்கு நானே ஒரு போன் போட்டேன். அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாருக்காங்க அம்மிணி, நல்லாருக்காங்க" என்றார் கடைக்காரர். உடனே, "வண்டி இப்ப எங்க நிக்குதுங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஊர்ப் பேச்சு காதில் விழுந்த சந்தோஷம். நானும் அதே பாணியில், "சூடான்ல நிக்குதுங்க, பிரேக் டவுனு. செரியாகி லோடு கெடைச்சதும் வந்துருவாருங்க" என்றேன். "ஆமா ஆமா, அப்பிடித்தான் இருக்குமுன்னு நெனச்சோம். ஆத்தாகிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார். நான் சொன்னது ஷார்ஜாவுக்கு வருவதை. அவர் புதுச்சத்திரத்துக்கு என்று எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்?

வைகாசியில் இவர் திரும்பி வந்து, குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. நாத்தனார் வீட்டுக்காரர். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நர்சிங் ஹோமில் அத்தையைச் சேர்த்திருக்கிறது, கிளம்பி வாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் போன் போட்டு வா என்று கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இவர் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

பம்பாய், சென்னை, அங்கிருந்து டாக்ஸி. உலகம் முழுக்கச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனிதர், பயணியாக உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நர்சிங் ஹோமில் அத்தையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயிறு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் வற்றிப்போய்க் கிடந்தார். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம். வயிற்றில் கட்டி என்று மாசியிலேயே சொன்னேன், உடனே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றும் சொன்னேன், தேதி கொடுத்தால் வரமாட்டேன் என்கிறார்கள், இப்போது பரவிவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார். படித்தவர்கள் நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வேறு கேட்டார்.

வெளியே வந்ததும் இவர் அக்காவைப் பிடித்து உலுக்காத குறை. ஏன் ஆபரேஷனுக்குக் கூட்டிவரவில்லை என்று கத்தினார். நாத்தனார் அழுதுகொண்டே சொன்னார்:

"அம்மாதான் மாட்டேன்னுருச்சு தம்பி. பையன் வாரேன்னு சொல்லிப்போட்டான், அவன் வந்து பக்கத்துல நின்னாத்தான் கத்தி வெக்க உடுவேன்னு ஒரே புடிவாதம்."

"நான் எப்பக்கா வாரேன்னு சொன்னேன்?"

"போன்ல சொன்னியே சாமி. எப்பச் சாமி வாரேன்னு அம்மா கேட்டுச்சு. நீ, செரிங்கம்மா வாரேனுங்கன்னு சொல்லி வெச்சுப்போட்டே. அம்மா அந்தக் கடையிலயே அத்தன பேருத்துக்கும் சொல்லுச்சு."

இவர் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வி இவர் காதில் விழவே இல்லை. இவர் விடைபெற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே அத்தை கேட்டிருக்கிறார். கடல் தாண்டி வந்த கேள்வியை லைன் விழுங்கிவிட்டு, இவர் சொன்ன விடையை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய் அவர் காதில் சேர்த்திருக்கிறது.

என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமனாரிடம், பிறகு மகனிடம், எப்போது வருவாய் என்று ஒரு தடவைகூடக் கேட்காத பெண்மணி அவர். அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துதான், பயந்துதான், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நாள் போகப் போக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லாரிக்கார ஊர் இல்லையா. சொன்னவர் வரவில்லை என்றால் லோடு கிடைக்கவில்லை என்று அர்த்தம். தீவனக் கடைக்காரர் வேறு வந்து, வண்டி சூடானில் பிரேக் டவுன், லோடு கிடைத்ததும் கிளம்புகிறார் என்று என் பேரைச் சொல்லியே சொல்லியிருக்கிறார். தந்தி கொடுக்கலாம் என்று நாத்தனார் அழுதபோது, "வண்டியில இருக்கறவனுக்குச் சேதி சொல்லப்படாது" என்று அத்தை அடக்கிவிட்டாராம். வலி பொறுக்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண்மணி!

நாங்கள் உள்ளே போனபோது அத்தை கண்ணைத் திறந்தார். இவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்வது. "லோடு எறக்கியாச்சா சாமி?" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுத்துப் பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். "ஆச்சுங்கம்மா" என்றார்.

அத்தை நாத்தனார் பக்கம் திரும்பி, "பாத்தியா, நீ என்னமோ அளுதியே. எத்தன நாளானாலும் சொன்ன சொல்லுக்கு வந்துட்டான் பாரு. இவங்கப்பனும் இப்பிடித்தான்" என்றார். அவ்வளவு பெருமை. "இனி டாக்டரைக் கத்தி வெக்கச் சொல்லு" என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். செரிங்கம்மா, செரிங்கம்மா என்று இவர் தலையை ஆட்டினார். வெளியே டூவீலர்கள் ஏற்காடு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தன. அத்தை அந்த வாரமே போய்விட்டார், நாளை ஆபரேஷன் என்று நம்பிக்கொண்டே.

ஊருக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்ப மரத்தில் ஒரு மேச்சேரிக் கிடாய் கட்டியிருந்தது. நல்ல செம்மண் நிறம், கொழுகொழுவென்று. பையன் வந்ததும் அறுக்க வேண்டும் என்று போன் வந்த அந்த வாரத்திலேயே அத்தை வாங்கிக் கட்டியதாம். படுக்கையில் விழுந்த பிறகும் அதற்குத் தழை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவர் அதன் பக்கத்தில் போனார். ஆயிரக்கணக்கான ஆடுகளை ஏற்றிப் பறந்தவர்தான். "இதை யாராச்சும் ஓட்டீட்டுப் போயிருங்க, எனக்குத் தெரியாம ஓட்டீட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதார். அதுவரை அழாத மனிதர்.

இதில் யார் தப்பு என்று நான் வருஷக்கணக்காக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் தப்பில்லை, அத்தை நம்பியதில் தப்பில்லை, கடைக்காரர் நல்லதற்குத்தான் சொன்னார், நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒருத்தர் தப்பு செய்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன். எல்லோரும் அவரவர் பழக்கப்படி நடந்துகொண்டோம், ஒரு உயிர் போய்விட்டது. விதி என்று சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல்தான் வரும்.

காரியம் முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பினோம். வேலை என்று ஒன்று இருக்கிறதே. முதல் டியூட்டிக்குக் கிளம்பும்போது பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நான் வழக்கம்போல நின்றேன். அவர் வாய் திறந்தது, சொல் வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும். நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன், உண்மைதான். ஆனால் எனக்கு யார் பரிதாபப்படுவது? ஆகாயத்தில் போகிற மனிதர், வாரேன் என்று சொல்லாமல் போகிறார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொல்லும் போய்விட்டது. அவர் திரும்பி வந்து அழைப்பு மணி அடிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சண்டையே போட்டேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்க, வாயிலிருந்து முத்தா கொட்டிரும்?" என்றேன். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் அவருக்கு விடைபெறும் சொல். வேலையை விட்டு, சேலத்துக்கே வந்து வீடு கட்டி, இத்தனை காலம் ஆகிவிட்டது. முனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை என் காது வாசலில்தான் இருக்கும். பாலுக்குப் போனவருக்கு என்ன வந்துவிடப் போகிறது, சொல்லுங்கள். மனசு கேட்பதில்லை.

எங்கள் மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடிக்கும்போது, ஊர் வழக்கம் விடாமல், "செரிம்மா, வாரேன்" என்பாள். "எப்போ சாமி?" என்று நான் உடனே கேட்டுவிடுவேன். "ஐயோ அம்மா, போனை வைக்கிறதைச் சொன்னேன்" என்று சிரிப்பாள். தெரியாமலா கேட்கிறேன். என் அத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டு, யார் காதிலும் விழாமல் போன கேள்வி அது. என் மகள் காதில் விழும்படி, அதற்கு ஒரு பதில் வரும்வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.